மைசூர் அரண்மனையில் எங்கே உட்கார்ந்து வாசித்தார்கள்?

காவேரிப்பட்டணத்தான் | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் பெரியப்பாவை மைசூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாதஸ்வரக்காரர். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றிலும் வாசித்து வருகிறவர். மைசூர் மட்டும் பார்த்ததில்லை. தருமபுரியில் விடிவதற்கு முன்னாலேயே தூத்துக்குடி ரயிலைப் பிடித்து ஏறினோம்.

அரண்மனையில் கல்யாண மண்டபத்துக்கு வந்ததும் கூட்டமெல்லாம் தலையைத் தூக்கி மயில் வரைந்த கண்ணாடிக் கூரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா மட்டும் ஒரு தூணோரமாக ஒதுங்கி நின்றார். வாயை மூடியபடியே தாழ்ந்த குரலில் ஒரு ஷட்ஜம், அதாவது 'ஸ' ஸ்வரம் பிடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். மறுபடி பிடித்தார். இடம் நாதத்தைத் திருப்பித் தருகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. புதுக் கோயிலில் வாசிக்கப் போனாலும் இதைத்தான் முதலில் செய்வார்.

எங்களுக்கு வந்த வழிகாட்டியிடம், "வித்வான்கள்லாம் எங்கப்பா உக்காந்து வாசிச்சாங்க?" என்று கேட்டார். அந்தத் தம்பிக்குத் தமிழ் நன்றாகவே வந்தது, ஆனால் பதில் தெரியவில்லை. வெளியே எரியும் விளக்குகள் கிட்டத்தட்ட ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். ரயிலில் திரும்பி வரும்போது பெரியப்பா ஒரே ஒரு தடவை சொன்னார்: "விளக்கு எத்தனைன்னு சொன்னான், வித்வான் எத்தனைன்னு சொல்லலையே."

மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.

ஓசூர்வாசி | ஞாயிறு, இரவு 10.25

பெரியப்பா கேட்டது சரியான கேள்வி. அதற்கு முன்னால் கட்டடத்தைப் பற்றி ஒரு விஷயம். நீங்கள் பார்த்த அரண்மனையை விட அங்கே இருந்த சங்கீதம் வயதில் மூத்தது.

பழைய அரண்மனை மரத்தால் கட்டியது. 1897இல் இளவரசி ஜயலக்ஷ்மம்மண்ணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. அப்போது பட்டத்தில் இருந்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சின்னப் பையன். தாயார் வாணி விலாச சன்னிதானம்தான் ராஜப்பிரதிநிதியாக இருந்து ஆட்சி நடத்தினார். புது அரண்மனைக்கு ஹென்றி இர்வினை வரவழைத்தார்கள். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைக் கட்டியதும் அவர்தான். கல்யாண மண்டபத்தின் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வார்ப்படச் சாலையிலிருந்து கப்பலில் வந்தவை. 1912இல் வேலை முடிந்தது. செலவு 41 லட்சத்துச் சொச்சம். நீங்கள் பார்த்த பெரிய தர்பார் மண்டபத்தை 1930களில் இன்னும் விரிவாக்கினார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அரண்மனை வித்வான் வீணை சேஷண்ணா பிறந்தது 1852. பழைய அரண்மனை எரிந்தபோது அவருக்கு 45 வயது, புகழின் உச்சியில் இருந்தவர். பாட்டு வித்வான் வாசுதேவாச்சாரியார் 1865. அவரும் முப்பதைத் தாண்டியிருந்தார். மரக்கூடத்தில் வாசித்துப் பழகிய கைகள்தான் இந்தக் கல் மண்டபத்துக்குக் குடிவந்தன. மரத்துக்கும் கல்லுக்கும் நாதம் ஒரே மாதிரியா திரும்பி வரும்? உங்கள் பெரியப்பா ஷட்ஜம் பிடித்துப் பார்த்ததுபோல அவர்களும் முதல் நாள் பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு என் பதில்: ஒரே இடம் இல்லை. நவராத்திரி தர்பார் ஒரு சபை. ராஜாவும் நாலைந்து பேரும் மட்டும் உட்கார்ந்து கேட்கும் உள் அறைக் கச்சேரி இன்னொரு சபை. பூஜை வேளையில் அம்மன் சன்னிதி மூன்றாவது.

பாரமகால் | ஞாயிறு, இரவு 11.10

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாரமகால் ஹைதர், திப்பு காலத்தில் மைசூரோடுதான் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்தது அதற்கப்புறம். 1799இல் திப்பு விழுந்த பிறகு ஐந்து வயதுப் பையன் ஒருவரை மைசூர் அரியணையில் உட்கார வைத்தார்கள். அவர்தான் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், மும்மடி என்பார்கள்.

1831இல் நிர்வாகத்தையும் ஆங்கிலேயர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். ஐம்பது வருடம் கமிஷனர் ஆட்சி. ராஜாவுக்குப் பட்டமும் அரண்மனையும் உண்டு, படையும் வரியும் கையில் இல்லை. போர் தொடுக்க முடியாது, கோட்டை கட்ட முடியாது. கௌரவத்தைக் காட்ட மிஞ்சியிருந்தவை பூஜை, தசரா, வித்வத் சபை. மைசூரின் சங்கீதம் இவ்வளவு செழித்ததற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து. தஞ்சாவூரிலும் இரண்டாம் சரபோஜி காலத்தில் நடந்தது இதுவேதான். 1799இலேயே ராஜ்யம் போயிற்று, சங்கீதமும் நூலகமும் வளர்ந்தன. 1855இல் தஞ்சை அரசும் முடிந்தது.

தஞ்சையிலிருந்து மைசூருக்கு வித்தை போன வழியும் தெரிந்ததுதான். தஞ்சை நால்வர் என்ற அண்ணன் தம்பிகளில் மூத்தவரான சின்னய்யா மும்மடியின் சபைக்குப் போய் அங்கேயே பாட்டும் நாட்டியமும் அமைத்தார். மைசூர் சதாசிவ ராவ் பிறந்தது சித்தூர்ப் பக்கம். அவர் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரின் சீடர், பாகவதர் தியாகராஜ சுவாமிகளின் சீடர். மைசூர் சங்கீதம் என்று நாம் தனியாகச் சொல்வதற்குள் காவிரியின் கீழ்க்கரையும் பாலாற்றங்கரையும் கலந்திருக்கின்றன.

காவேரிப்பட்டணத்தான் | திங்கள், காலை 6.15

இப்போதுதான் படித்துக் காட்டினேன். தஞ்சை நால்வர் பெயர் வந்ததும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "அவங்க ஜதியைத்தான் எங்க குருநாதர் தவிலுக்குச் சொல்லிக் கொடுத்தாரு" என்றார். மேலே எழுதுங்கள்.

வீணை மாணவி, கிருஷ்ணகிரி | திங்கள், மதியம் 1.30

சேஷண்ணா பெயர் வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து வருடமாக வீணை கற்றுக்கொள்கிறேன். என் கையில் இருப்பது தஞ்சாவூர் வீணை, பலா மரம். என் ஆசிரியையிடம் இருப்பது மைசூர் வீணை. அது கருமரம், ஈட்டி. முதல் தடவை மடியில் வாங்கியபோதே எடை வித்தியாசம் தெரிந்தது. விரல் வைக்கும் மெட்டுக்குக் கீழே மெழுகு இரண்டிலும் ஒன்றுதான். கோடையில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுருதி தப்பும். நம் ஊர் வெயிலில் சித்திரை, வைகாசியில் அதை விரலால் அழுத்திச் சரிசெய்துகொண்டேதான் வாசிக்க வேண்டியிருக்கும். மைசூரில் அந்தத் தொல்லை குறைவு என்று என் ஆசிரியை சொல்வார்.

சேஷண்ணாவின் அப்பா சிக்கராமப்பாவும் அரண்மனை வைணிகர். இது குடும்பத்தில் இறங்கிய உத்தியோகம். சேஷண்ணாவும் வீணை சுப்பண்ணாவும் ஒரே காலத்தில் ஒரே சபையில் இருந்தார்கள். அப்புறம் வேங்கடகிரியப்பா, அவருடைய சீடர் துரைசாமி ஐயங்கார் என்று கை மாறிக்கொண்டே வந்தது. சேஷண்ணா வீணையோடு நிற்கவில்லை, பியானோவிலும் நம் ராகங்களை வாசித்திருக்கிறார். ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகமே இல்லாத வாத்தியத்தில் எப்படிச் செய்தார் என்று யோசித்தாலே எனக்கு விரல் துறுதுறுக்கும்.

வாசுதேவாச்சாரியாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பத்தாம் சாமராஜ உடையார் அவரைத் திருவையாற்றுக்கு அனுப்பி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் படிக்க அரண்மனைச் செலவில் உதவித்தொகை கொடுத்தார். யோசித்துப் பாருங்கள், ஓர் அரசர் தன் சபைக்கு வித்வானை விலைக்கு வாங்கவில்லை. இளைஞன் ஒருவனைத் தேர்ந்து, இன்னொரு நாட்டு ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பி, அவன் தேறி வரும்வரை வருடக்கணக்காகக் காத்திருந்தார். அந்தப் பொறுமையின் விளைவுதான் கமாஸ் ராகத்தில் 'ப்ரோசேவாரெவருரா'. இன்றைக்கு அந்தப் பாட்டு இல்லாத ஊர் உண்டா? வயதான காலத்தில் அவர் சென்னை கலாக்ஷேத்திராவுக்கு வந்து ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தார். 1961இல் காலமானபோது 95 வயது.

தென்பெண்ணை | திங்கள், இரவு 8.05

எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த உதவித்தொகை யார் பணம்? ராகி விளைவித்தவன் கட்டிய வரி. அவன் அந்தத் தர்பாருக்குள் நுழைந்து சேஷண்ணாவைக் கேட்டிருப்பானா? என் தாத்தா பம்பை அடித்தவர். திருவிழாவில் விடிய விடிய அடிப்பார், காலையில் ஒரு மரக்கால் ராகி வாங்கிக்கொண்டு வருவார். எந்த அரண்மனையும் அவரைக் கூப்பிடவில்லை, எந்த ஊருக்கும் அனுப்பிப் படிக்க வைக்கவில்லை. இந்த இழையில் அவரைப் போன்றவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொன்று. சங்கீதத்துக்குக் கொடுத்த அரசன் என்றால் நாம் மைசூர் வரை போக வேண்டியதில்லை. தகடூர் என்றால் தருமபுரிதானே? அதியமான் வாசலுக்குப் பாணர்கள் யாழோடு வந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள் பலரோடு போனாலும் முதல் நாள் போலவே வரவேற்பான் என்று ஔவை புறநானூற்றில் பாடியிருக்கிறார். பாணர் என்பவர்கள் ஊர் ஊராக நடந்த ஏழைகள். வாசல் அப்படித் திறந்திருக்க வேண்டும்.

ஓசூர்வாசி | திங்கள், இரவு 9.20

தென்பெண்ணை அண்ணா, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தர்பாரில் நின்றவர்கள் அதிகாரிகளும் பிரபுக்களும்தான். அதை மறைத்து எழுதினால் தப்பு. உங்கள் தாத்தாவைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்குங்கள். கட்டாயம் படிப்பேன்.

ஆனால் அந்த வாசல் வழியாக வந்தவர்களில் சிலரைப் பாருங்கள். ஜெட்டி தாயம்மா நடனக்காரி. மும்மடி காலத்தின் கடைசியில் சிறுமி, 1947 வரை வாழ்ந்தார். வெளியே சமூகம் அந்தக் கலைக்காரப் பெண்களை ஒதுக்கிய காலத்தில் அபிநயத்தை விடாமல் காப்பாற்றி, வேங்கடலக்ஷம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். மைசூர் பாணிப் பரதம் இன்றைக்கு இருப்பது இந்த இரண்டு பெண்களால்.

இன்னொருவர் கௌஹர் ஜான். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் தட்டுக்குப் பாடி, பாட்டு முடியும்போது இங்கிலீஷில் தன் பெயரைத் தானே சொன்னவர். இந்தியா முழுக்க வீடுகளில் அவர் குரல் ஒலித்தது. கடைசிக் காலத்தில் வழக்குகளில் சொத்து கரைந்து, சொந்தக்காரர்களாலும் கைவிடப்பட்டு நின்றபோது, 1928இல் அரண்மனை வித்வானாக அவரைச் சேர்த்துக்கொண்டது மைசூர். சம்பளம் போட்டார்கள். 1930 ஜனவரியில் மைசூரிலேயே இறந்தார். அவர் இருந்தது ஒன்றரை வருடம்கூட இல்லை. ஒரு முஸ்லிம் பெண், வடநாட்டுக்காரர், ஓய்ந்துபோன காலம். அவரிடமிருந்து அரண்மனைக்கு இனி என்ன கிடைத்துவிடப் போகிறது? இதை ஔவை பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாரமகால் | திங்கள், இரவு 10.40

வடக்கு, தெற்கு, மேற்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்ததுதான் நால்வடி காலத்தின் அழகு. ஆக்ரா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் ஃபயாஸ் கானுக்கு 'ஆஃப்தாப்-ஏ-மௌசிகி' பட்டம் கொடுத்தது மைசூர் சபை. ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் மேற்கத்திய வாத்தியக் குழுவை நடத்தினார். கர்நாடக இசைக்கும் தனியாக ஓர் அரண்மனை பேண்டு இருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அங்கே போய்ச் சாமுண்டேஸ்வரி மேல் 108 கீர்த்தனை செய்தார், அதுவும் கன்னடத்தில். 'புவனேஸ்வரிய' அதில் ஒன்று. அதற்கு மோகனகல்யாணி என்று ராகத்தையே புதிதாக உண்டாக்கினார். மதுரை மணி ஐயர் பாடி நாடே கேட்ட 'இங்கிலீஷ் நோட்'டும் பாகவதருடையது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசி வளர்ந்த எனக்கு, தாமிரபரணிக்காரர் ஒருவர் கன்னடத்தில் சாமுண்டியைப் பாடியது ஆச்சரியமாகத் தெரியவில்லை. மிகவும் நெருக்கமாகத் தெரிகிறது.

தென்பெண்ணை கேட்ட வரிப்பணத்துக்கும் ஒரு வார்த்தை. இதே நால்வடி காலத்தில்தான் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணை எழுந்தது. ஒகேனக்கல்லில் நாம் பார்க்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதைத் தாண்டித்தான் வருகிறது. அந்த அணையால் நமக்கும் அவர்களுக்கும் வந்த தகராறு வேறு கதை.

அப்புறம், பெரியப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நால்வடி எட்டு வாத்தியம் வாசிப்பார் என்பார்கள். வீணை, பிடில், புல்லாங்குழல், மிருதங்கம், பியானோ, சாக்ஸபோன், சிதார். எட்டாவது நாதஸ்வரம்.

தென்பெண்ணை | திங்கள், இரவு 10.55

கௌஹர் ஜான் விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு தடவை படித்தேன். தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன்.

வீணை மாணவி, கிருஷ்ணகிரி | செவ்வாய், காலை 11.00

கடைசி மகாராஜாவை இன்னும் யாரும் தொடவில்லையே. ஜயசாமராஜ உடையாருக்குச் சின்ன வயதில் பியானோ மேல்தான் உயிர். மேடைக் கலைஞராக வேண்டும் என்பதே ஆசை. 1940இல் அப்பாவும் பெரியப்பா நால்வடியும் ஒரே வருடத்தில் போய்விட, 21 வயதில் பட்டத்துக்கு வந்தார். தனக்குக் கிடைக்காததை மற்றவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். லண்டனில் முதுமையும் நோயுமாக, கவனிப்பாரின்றி இருந்த ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளைத் தன் செலவில் இசைத்தட்டாக்கினார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை இவருக்குக் காணிக்கையாக்கினார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் முதன்முதலாக மேடையேறின. அந்தக் கச்சேரிக்குப் பண உத்தரவாதம் கொடுத்தவரும் இவர்தான். அன்றைக்கு அவரால் போக முடியவில்லை. அவர் கேட்பதற்காகவே பதிவு செய்து அனுப்பினார்கள்.

அதே மனிதர் இந்தப் பக்கம் திரும்பி, வாசுதேவாச்சாரியாரிடம் கற்று, 1940களின் நடுவில் அம்மனை வழிபடும் ஸ்ரீவித்யா உபாசனையில் இறங்கி, சம்ஸ்கிருதத்தில் 94 கிருதிகள் செய்தார். ஒன்றில் வந்த ராகம் இன்னொன்றில் வராது. அரசு முடிந்து மக்களாட்சி வந்த பிறகும் கௌரவத்தோடு பதவி வகித்தார். 1964லிருந்து 66க்குள் நம் சென்னை மாநிலத்துக்கே ஆளுநராக இருந்தவர். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்துக்கொள்வேன்.

அவர் கிருதிகளில் எல்லோருக்கும் தெரிந்தது அடாணா ராகத்தில் 'ஸ்ரீ மஹாகணபதிம் பஜேஹம்'. கச்சேரியில், கல்யாணத்தில், பள்ளிப் போட்டியில் எத்தனையோ பேர் பாடுகிறார்கள். எழுதியவர் அரசர் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

காவேரிப்பட்டணத்தான் | செவ்வாய், இரவு 9.50

எல்லாவற்றையும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நால்வடி நாதஸ்வரம் வாசித்தார் என்றதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ராஜாவா? சீவாளியை வாயில வெச்சா?" சீவாளி, ஊதுவதற்கு நாதஸ்வரத்தின் நுனியில் வைக்கும் நாணல். திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சில வீடுகளில் திண்ணைக்கு மேலே ஏறவிடாமல் வாசலிலேயே நிறுத்தி வாசிக்கச் சொன்ன காலத்தில் தொழில் கற்றவர் அவர். அதை எங்களிடம் எப்போதாவதுதான் சொல்வார். இன்றைக்கும் சொல்லவில்லை.

கௌஹர் ஜான் கதைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்பைக்காரத் தாத்தா பற்றி வந்ததும், "அந்தத் தம்பி சொல்றது நிஜம். நாங்களும் அவங்களும் ஒரே சாமி முன்னாடி வாசிச்சாலும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டதில்ல. அதை எழுதச் சொல்லு" என்றார். எழுதிவிட்டேன்.

கடைசியில் அடாணா. 'ஸ்ரீ மஹாகணபதிம்' என்று நான் படித்ததும், "இது நான் வாசிக்கறதாச்சே!" என்றார். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கேசட்டில் கேட்டுப் பிடித்த உருப்படியாம். யாருடையது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. மைசூர் அரண்மனையில் அந்தத் தூணோரம் நின்று ஷட்ஜம் பிடித்தாரே, அந்த வீட்டுக்காரர் செய்த பாட்டைத்தான் இத்தனை வருடமும் காவேரிப்பட்டணத்திலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் ஊதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

உள்ளே போய் உறையைப் பிரித்து வாத்தியத்தை எடுத்து வந்தார். கயிற்றில் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை எடுத்து ஊதிப் பார்த்தார், பிடிக்கவில்லை. இரண்டாவதை வாயில் போட்டு நனைத்தார். மூன்றாவதுதான் சரிப்பட்டது. இருட்டின பிறகு வீட்டில் வாசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. இன்றைக்கு வாசித்தார். எதிர்வீட்டு அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார்.

நாளன்றைக்கு பனந்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்து. எப்போதும் ஹம்சத்வனியில் 'வாதாபி' வாசித்துத்தான் தொடங்குவார். தவில்காரருக்குப் போன் போட்டு, இந்தத் தடவை அடாணாவில் ஆரம்பம், காலையிலேயே வந்துவிடு, ஒரு தடவை சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்.